ஹப்பா முடிந்து வந்த வலி

என் கணவருக்கு வேண்டாம் என்று சொல்ல வராது. ஒரு வீட்டில் காபி குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனால் அங்கே கொடுக்கிற காபியையும் குடிப்பார். ஃபேக்டரியில் யாராவது ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளக் கேட்டால் தலையாட்டிவிட்டு வந்து, அந்தக் கடுப்பை என்மேல் காட்டுவார், ஏதோ நான்தான் தலையாட்டச் சொன்ன மாதிரி. கல்யாணமான புதிதில் இதை நல்ல குணம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். போகப் போக இது ஒரு வியாதி என்று தெரிந்தது. இதய நோய் அதற்கப்புறம்தான் வந்தது.

தொம்மலூரில் கோயிலை ஒட்டிய பழைய ஊருக்குள் குடியிருந்தோம். இன்றைக்கு எங்கள் சந்து எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில் நுழைய வேண்டும். அப்போது எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் விமானம் இறங்குவது தெரியும். அவர் சர்க்கார் ஃபேக்டரியில் ஃபிட்டர். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் குரலைக் கேட்டுக் கேட்டு, மூச்சை வைத்தே ஒருவர் பொய் சொல்கிறாரா என்று கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

இரண்டு சந்து தள்ளி அவருடைய அக்கா இருந்தார். அவர்களுடைய அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, வேலையில் சேர்த்து, எனக்குக் கட்டிவைத்தது வரை எல்லாம் அக்காதான். கல்யாணமாகி மூன்றே வருடத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர். வீட்டு வேலைகள் செய்து தனியாக வாழ்ந்தார். நான் அவரை அண்ணி என்பேன். அண்ணி சொல்லிவிட்டால் என் வீட்டுக்காரருக்கு அதற்கு மேல் கோர்ட் கிடையாது.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் ஐப்பசி மழையில் என் கணவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஃபேக்டரி டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்றில் பெரிய அடைப்பு, பலூன் வைத்துத் திறக்கலாம் என்றார்கள். இடுப்புக்குக் கீழே ஊசியால் ஓட்டை போட்டு, கம்பி வழியாகச் சின்ன பலூனை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் ஊதி, குழாயை அகலமாக்கிவிட்டு வெளியே எடுத்துவிடுவார்கள். அப்போதெல்லாம் அவ்வளவுதான். உள்ளே எதையும் வைத்துவிட்டு வருகிற வழக்கம் எங்களைப் போன்றவர்கள் காதுக்கு இன்னும் எட்டவில்லை.

அவருக்கு நினைவோடுதான் செய்தார்கள். பலூன் ஊதின நேரத்தில் பழைய வலி அப்படியே வந்ததாகவும், எடுத்ததும் யாரோ நெஞ்சின் மேலிருந்து இறங்கிப் போன மாதிரி இருந்ததாகவும் சொன்னார். வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் பஸ் நிறுத்தத்துக்குப் போகிற மேட்டில் என்னை முந்திக்கொண்டு ஏறினார். திரும்பி நின்று, "இன்னா, வயசாயிடுச்சா?" என்று கேட்டார். அந்த மேட்டில் அவர் சிரித்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. இருந்து என்ன பிரயோஜனம் என்றும் தோன்றும்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புகிற அன்று பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துக் கன்னடத்தில் பேசினார். கன்னடம் எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, அதனால் மொழி புரியாமல் போனது என்று சாக்குச் சொல்ல முடியாது. பீடி கூடாது. எண்ணெய் குறைக்க வேண்டும். ஆட்டுக்கறி வேண்டாம். ஆறு மாதத்துக்குக் கவனமாக இருக்க வேண்டும், திறந்த இடம் மறுபடி சுருங்கலாம், வலி வந்தால் அன்றைக்கே வந்துவிட வேண்டும். இத்தனையையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். நாங்களும் ஒரே மூச்சில் கேட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டோம். கறி தின்றால் அடைக்கும். அடைத்தால் தின்றிருக்கிறாய் என்று அர்த்தம்.

எங்கள் சந்தில் எல்லோரும் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். குழாயில் அழுக்கு சேர்ந்தது, டாக்டர் சுத்தம் செய்து கொடுத்துவிட்டார், இனிமேல் அதைச் சுத்தமாக வைத்துக்கொள்வது நம் பொறுப்பு. மறுபடி வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போவது, வெளுத்துக் கொடுத்த வேட்டியில் சேற்றைப் பூசிக்கொண்டு போய் நிற்கிற மாதிரி. டாக்டர் வா என்று கூப்பிட்டது, வந்தால் மாட்டிக்கொள்வாய் என்று எங்கள் காதில் விழுந்தது.

சமையலறை என் கைக்கு வந்தது. என் பார்வை தாண்டி ஒரு சொட்டு எண்ணெய் அந்த வீட்டில் விழவில்லை. கொள்ளு, கீரை, அவித்த சுண்டல். அவருடைய டிஃபன் பாக்ஸைத் திறந்தால் ஃபேக்டரியில் கூட்டாளிகள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது என்று கேலி செய்வார்களாம். பீடியை அவர் நிஜமாகவே விட்டார். நான் அவருடைய சட்டைப் பையை மோந்து பார்ப்பேன், சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். மாதங்கள் போயின. வலி இல்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

சித்திரையில் ஊர் ஹப்பா வந்தது. ஹப்பா என்பது அம்மன் திருவிழாதான். சுற்றிலும் கன்னடக்காரர்கள் என்பதால் எங்கள் வாயிலும் அந்தப் பெயர்தான் வரும். வசதி உள்ள வீடுகளில் அம்மனுக்கு ஆடு வெட்டுவார்கள். வசதி இல்லாதவர்கள் கூட்டு சேர்ந்து வெட்டிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அன்று எல்லா வீட்டிலும் கறிதான், எல்லா வீட்டுக்கும் உறவு வரும். ஒரு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்பினால், அடுத்த வருடம் வரைக்கும் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது. அண்ணி வீட்டில் இன்னொரு சட்டமும் உண்டு. தம்பி முதலில் உட்கார்ந்து கை வைக்காமல் அவர் வேறு யாருக்கும் இலை போடமாட்டார். அவருடைய அம்மா இருந்த காலத்திலேயே அது அப்படித்தானாம்.

எனக்கு அன்று காலை டியூட்டி. அண்ணியிடம் முந்தின நாளே போய், "அவருக்கு ரசம் சோறு மட்டும் போடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். மதியம் திரும்பி வந்தபோது அண்ணி வீட்டு வாசலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. அவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பக்கத்தில் போனதும் மசாலா வாசனை அடித்தது.

அண்ணி ஒளிக்கிற ஆள் இல்லை. அவரே சொன்னார்.

"ரெண்டே துண்டுதாம்மா. வேணாம் அக்கா, வேணாம் அக்கான்னான். நான்தான் விடல. இது இன்னா கடையில வாங்கின கறியா? அம்மனுக்கு வெட்டினது. பிரசாதம் யாரையாச்சும் கொன்னிருக்கா?"

"இல்ல அண்ணி" என்றேன். வாசல் நிறைய உறவுக்காரர்கள் இருந்தார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் நான் அவரிடம் ஒன்றும் பேசவில்லை. நான் திட்டினால் அவருக்கு ஒன்றும் ஆகாது. பேசாமல் இருந்தால்தான் பயப்படுவார்.

"அக்கா எலையப் போட்டுகினு நிக்குது. சுத்தி அத்தன பேரு. நான் எப்படி வேணாம்னு எழுந்திருக்கறது?" என்று அவராகவே ஆரம்பித்தார். பிறகு அவராகவே நிறுத்திக்கொண்டார்.

ஹப்பா முடிந்து ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கும். காலையில் இருவரும் ஒன்றாகத்தான் கிளம்புவோம். அவர் முன்னால் போய்விடுவார், நான் கதவைப் பூட்டிக்கொண்டு பின்னால் போவேன். அந்த மேட்டின் பாதியில் ஒரு லேடீஸ் டெய்லர் கடை உண்டு. வாசலில் ஜாக்கெட்டுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். இவர் அங்கே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேடீஸ் டெய்லர் கடையில உங்களுக்கு என்னங்க வேலை? ஜாக்கெட் தைக்கணுமா?" என்று கேட்டேன்.

"உனக்குத்தான் பார்த்தேன், நல்ல டிசைனா இருக்கு" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு மூச்சு குறைந்தது. அது என் காதில் விழாமல் இல்லை. வலிக்கிறதா என்று நேராகவே கேட்டேன். கேஸ்டிரிக் என்றார். பெங்களூரில் வேலைக்குப் போகிற மனிதர்கள் பாதிப் பேருக்குக் கேஸ்டிரிக்தான். வாயுத் தொல்லை என்று சொன்னால் கிழவன் மாதிரி இருக்கும், கேஸ்டிரிக் என்றால் ஆபீஸ் போகிறவன் மாதிரி இருக்கும். ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். குடித்தார். டாக்டரிடம் போக வேண்டும் என்றேன். சரி என்றார். அவர் எதற்குத்தான் சரி என்று சொல்லாமல் இருந்தார்? நான் எக்ஸ்சேஞ்சிலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் பேசி நாள் குறித்துக் கொடுத்தேன். எனக்கு லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் அவர், போய்விட்டு வந்தேன், டாக்டர் பார்த்தார், கேஸ்டிரிக்தான் என்று சொல்லிவிட்டார் என்றார். மருந்துக் கடையில் வாங்கின பச்சை மருந்து பாட்டிலைக்கூடக் காட்டினார்.

பிறகுதான் தெரிந்தது, அவர் போகவே இல்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. மற்றவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர், எனக்குப் போனேன் என்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார்.

வைகாசியில் ஒரு காலை. நான் பூட்டிக்கொண்டு சந்து திரும்பும்போதே டெய்லர் கடை முன்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். கடைக்காரர் அவரைத் தன் பெஞ்சில் உட்காரவைத்துச் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டிருந்தார். இவர் வேர்த்து நனைந்திருந்தார். ஆட்டோவில் ஏற்றினோம். என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தார். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அவருடைய பையிலேயே இருந்தது, அதை வைத்தேன். அல்சூர் வருவதற்குள் அவர் பேசினார்.

"அக்காகிட்ட கறியப் பத்தி ஒண்ணும் பேசிடாத."

"இப்ப எதுக்குங்க அது?"

"ஹப்பாலருந்தே வலிக்குது. சொன்னா ஏன்னு கேப்பாங்க. கறின்னு தெரிஞ்சா அக்கா தாங்காது. அதான் சொல்லல. நீயும் சொல்லாத."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தார்கள். ஏற்றும்போதே உயிர் இல்லை.

எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. அக்காவுக்கு வருத்தம் வரக் கூடாதாம், அதற்காகச் சாகலாமாம். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? அவர் என் வாயையும் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை. உடலைக் கிடத்தியிருந்தபோதே அண்ணி நெஞ்சில் அடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"வேணாம் வேணாம்னானே. நான்தானே போட்டேன். நான்தானே கறியப் போட்டு என் புள்ளைய அடைச்சேன்!"

பெண்கள் அவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள். இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஃபேக்டரிக் கூட்டாளி ஒருவர் என்னிடம் வந்து, "ஹப்பா கழிச்சு அவர் படிக்கட்டே ஏறல அக்கா. கேட்டா கேஸ்டிரிக்ன்னார்" என்றார். ஹப்பா கழிச்சு என்ற வார்த்தை அந்த வீடு முழுக்கப் போயிற்று. எனக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை. கறிதான் என்று நானும் நம்பினேன். கண்ணுக்கு நேராக நடந்ததை எப்படி நம்பாமல் இருப்பது? மாதக்கணக்கில் கொள்ளும் கீரையுமாக நன்றாக இருந்தார். கறி சாப்பிட்டார். வலி வந்தது. செத்தார்.

அண்ணி அன்றோடு கறியை விட்டார், முட்டையைக்கூடத் தொடவில்லை. ஒவ்வொரு ஹப்பாவுக்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜீவனஹள்ளியில் தூரத்து உறவுக்காரப் பெண் வீட்டுக்குப் போய்விடுவார். அம்மன் ஊர்வலம் அவருடைய வாசலில் ஆரத்தி இல்லாமல் கடந்து போகும். நான் மட்டும் ஊரிலேயே இருப்பேன். அந்த நாளில் எல்லா வீட்டிலிருந்தும் வருகிற மசாலா வாசனைக்கு ஜன்னலை இழுத்து மூடிக்கொள்வேன்.

மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி ஏதாவது கீரையை ஆய்ந்து எடுத்துக்கொண்டு வருவார். உட்கார்ந்து பேசுவோம். ரேஷன் கடை, தண்ணீர் வராத குழாய், விற்றுப் போன பக்கத்து மனை. நான் அவரிடம் அன்பாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கறி என்ற சொல்லை அவர் முன்னால் நான் எடுத்ததே இல்லை. அவர் எப்போதாவது, "அவன் கடைசியில எதுனா சொன்னானாம்மா?" என்று கேட்பார். ஒன்றும் சொல்லவில்லை, மூச்சு வாங்கியது என்பேன். அதையே திரும்பத் திரும்பக் கேட்பார். நானும் அதையே திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் அண்ணிக்கும் அதே நெஞ்சு வலி வந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ரத்தக் குழாயும் ஒரே மாதிரி இருந்திருக்கும். வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு இடத்தில் நல்ல அடைப்பு இருக்கிறது, உடனே திறக்க வேண்டும் என்றார்கள். அண்ணி மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

"அவனுக்கு அடைச்ச கையி. எனக்கும் அடைச்சிகினு போவட்டும்."

"பேத்தாதீங்க அண்ணி."

"நீ போம்மா வீட்டுக்கு. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

தம்பிக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டத் தெரியும், அக்காவுக்கு எதற்கும் தலையாட்டத் தெரியாது. இரண்டு பேரையும் கட்டி மேய்க்க என் தலையில் எழுதியிருந்தது. நர்ஸ் சொல்லிப் பார்த்தாள், நான் கத்திப் பார்த்தேன். சாயங்காலம் ஒரு சின்னப் பெண் டாக்டர் வந்தாள். சேலம் பக்கத்துப் பெண், நல்ல தமிழ். கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "ஏம்மா, என்ன பயம்?" என்று அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். பலூன், கொள்ளு, ஹப்பா, இலை, இரண்டு துண்டு. என்னிடம்கூட அவர் அப்படி ஒரே தொடர்ச்சியாகச் சொன்னதில்லை. அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"பலூன் வச்சு எத்தனை மாசத்துல வலி வந்துச்சு?"

"ஐப்பசியில வச்சது. சித்திரையில வந்துச்சு" என்றேன் நான்.

"அப்ப அது கறி இல்லம்மா. கறி நல்லதில்லதான். ஆனா அது வருஷக் கணக்குல பண்ற வேலை. ஒரு ஹப்பாவுல ரெண்டு துண்டு தின்னதால குழாய் அடைக்காது."

"பின்ன எது அடைச்சுது?" என்றார் அண்ணி.

"பலூன் வச்ச இடம் ஆறினதுதான் அடைச்சுது."

எங்கள் இருவருக்கும் புரியவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். பலூன் அடைப்பை வெளியே எடுப்பதில்லை, சுவரோடு சேர்த்து நசுக்கித் தள்ளுகிறது. அப்போது குழாயின் உள்தோல் கிழியும். இழுத்துவிட்ட குழாய் கொஞ்சம் தானாகவே பழையபடி சுருங்கப் பார்க்கும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கிழிந்த இடத்தை உடம்பு சும்மா விடாது. காயம் என்றால் ஆற்றத்தான் பார்க்கும். சுவரில் இருக்கிற சதை உள்பக்கமாக வளர்ந்து வந்து அந்தக் கிழிசலை மூடும். பெரும்பாலும் ஓர் அளவோடு நின்றுவிடும். சிலருக்கு நிற்காது.

"கையில சூடு பட்டா சில பேருக்குத் தழும்பு தடிச்சு மேல எழும்பிடுது இல்லையா? அது மாதிரி வச்சுக்கோங்க. கையில தடிச்சா பார்க்கத்தான் அசிங்கம். அவ்வளவு சின்னக் குழாய்க்குள்ள தடிச்சா ரத்தம் எப்படிப் போகும்? சுவரும் மொத்தமா இறுகிக்கும். இதெல்லாம் பலூன் வச்ச அன்னைக்கே ஆரம்பிச்சிருக்கும். அஞ்சாறு மாசத்துலதான் வெளிய தெரியும். நீங்க எலை போட்ட அன்னைக்கு அது ஏற்கெனவே பாதிக்கு மேல மூடியிருக்கும்மா."

"ஏன் அவனுக்கு மட்டும்?"

"அவருக்கு மட்டும் இல்ல. அந்தக் காலத்துல வெறும் பலூன் வச்சவங்க நிறைய பேருக்கு இப்படி ஆச்சு. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாதுன்னு முன்கூட்டி எங்களுக்கும் தெரியாது. அதனாலதான் இப்ப உள்ள ஒரு ஸ்பிரிங் வச்சுடறோம், சுருங்காம தாங்கிக்கும். அது மேல மருந்து பூசியிருக்கும். சதை அதிகமா வளர்றதை அந்த மருந்து அடக்கும்."

அண்ணி எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தை எப்படிச் சொல்வது? அத்தனை வருடமாக நான் பார்த்த முகம் இல்லை. வாய் லேசாகத் திறந்து, கன்னம் தளர்ந்து, கண் நிறைந்து நின்றது. "கறி இல்லையாம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "இல்லையாமே அண்ணி" என்றேன். என் சமையலும் இல்லை, அண்ணி போட்ட கறியும் இல்லை. ஊரெல்லாம் சேர்ந்து கட்டின பழி அது, யார் தலையிலும் நிற்காத பழி. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்தப் பெண்ணும் சந்தோஷப்பட்டாள். அதனால் இன்னும் ஒரு வாக்கியம் சொன்னாள். அது எங்கே போய் நிற்கும் என்று அவள் வாயைத் திறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணைக் காட்டினேன். அவள் பார்க்கவில்லை.

"வலி வந்ததும் வந்திருந்தா மறுபடி பலூன் வச்சுத் திறந்திருப்பாங்க. இல்லேன்னா பைபாஸ் பண்ணியிருப்பாங்க. அதுக்காகத்தான் ஆறு மாசம் பார்த்துக்கச் சொல்றது. அவர் ஏன் வராம விட்டுட்டாரு?"

கையெழுத்தைப் பற்றி யோசித்து வையுங்கள், காலையில் வருகிறேன் என்று அவள் எழுந்து போனாள்.

அண்ணி என் கையை விடவில்லை.

"ஏன் வரல?"

"கேஸ்டிரிக்னு நினைச்சிட்டாரு அண்ணி."

"பலூன் வச்ச வலி அவனுக்குத் தெரியாதா? அதே வலின்னு தெரியாதா?"

"தெரியல."

"அவன் உங்கிட்ட எதுனா சொன்னானா?"

பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூட வருகிற பதில்தான். ஒன்றும் சொல்லவில்லை, மூச்சு வாங்கியது. சொன்னேன். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி நின்றுவிட்டேன். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து நான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு நொடியைத்தான். அண்ணிக்கு அந்த வித்தையை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கையை விட்டார். போர்வையை இழுத்து மடியில் சரிசெய்துகொண்டார்.

"அப்போ கறி இல்ல" என்றார். "நான்."

"நீங்க இல்ல அண்ணி. அவர்தான். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லத் துப்பில்லாத மனுஷன்." நான் கத்தினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை வருடக் கோபமும் அந்த வார்டில்தான் வெளியே வந்தது. அண்ணி அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கறி என்று நம்பியிருந்தவரை அது தெரியாமல் செய்த தவறு. அம்மனையாவது பங்குக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம். இப்போது அவரிடம் மிஞ்சியிருந்தது தம்பி தன்மேல் வைத்திருந்த பாசம் மட்டும்தான். அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பார்?

காலையில் யாரும் வற்புறுத்தாமலே கையெழுத்துப் போட்டார். மருந்து பூசின ஸ்பிரிங் வைத்தார்கள். சுலபமாக முடிந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அடுத்து வந்த ஹப்பாவுக்கு அண்ணி ஜீவனஹள்ளிக்குப் போகவில்லை. கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். அடுப்பு பற்றவைக்கவில்லை. யாராவது வந்து கூப்பிட்டால், "எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்று நிதானமாகச் சொல்லி அனுப்பினார். அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்த்தார்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதே சின்ன டாக்டர் சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். "சூப்பரா இருக்கு. ஒரு துளிகூடச் சுருங்கல" என்று சொல்லி என் கையைக் குலுக்கினாள். அண்ணியிடம் போய்ச் சொன்னேன். அப்படியா என்றார்.

ஆட்டோவில் வரும்போது அவர் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். அல்சூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"எனக்கு மட்டும் ஏம்மா அடைக்கல?"

எனக்குப் பதில் தெரியும். ஸ்பிரிங், மருந்து, பத்து வருடத்தில் மாறிப்போன வைத்தியம். எல்லாவற்றையும் அந்தப் பெண் சொல்லிக்கொடுத்திருந்தாள். அண்ணி கேட்டது அதை இல்லை. தொம்மலூர் வந்ததும் ஆட்டோக்காரர் எந்த வழி என்று கேட்டார். அந்த டெய்லர் கடையை இடித்து ரொம்ப நாளாகிவிட்டது. இருந்தாலும் மேட்டு வழி வேண்டாம், சுற்றிப் போங்கள் என்று சொன்னேன்.